இளம் தோள்களில் ஏறும் சுமை

ஸ்பெயினின் லா லிகா கால்பந்துத் தொடரின் 2023-24 பருவம் அப்போது பாதி வழியைக் கடந்திருந்தது. அப்போதைய நடப்புச் சாம்பியனான பார்சிலோனா, 2024 ஜனவரி 27 அன்று தன் சொந்த மைதானத்தில் வில்யாரியல் அணியிடம் 3-5 என்ற கோல் கணக்கில் தோற்றது. இரண்டு கோல்கள் பின்தங்கி, பிறகு மீண்டெழுந்து 3-2 என முன்னிலை பெற்று, இறுதிக் கட்டத்தில் மூன்று கோல்களை வாங்கிய தோல்வி அது. முதலிடத்தில் இருந்த ரியல் மாட்ரிட்டுக்கும் அந்த அணிக்கும் இடையிலான இடைவெளி 10 புள்ளிகளானது. அன்றிரவே பயிற்றுநர் சாவி எர்னாண்டஸ், ஜூன் 30-ஆம் தேதியுடன் விலகிக்கொள்வதாக அறிவித்தார். பதவி தரும் மன அழுத்தத்தையும் அவர் மறைக்கவில்லை.

ஒரே ஆண்டில் நிகழ்ந்த சரிவு இது. முந்தைய 2022-23 பருவத்தில் இதே சாவியின் தலைமையில் இதே அணி 88 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. 38 ஆட்டங்களில் அது வாங்கிய கோல்கள் வெறும் 20. 2023-24 பருவத்திலோ பாதித் தொடர் முடிவதற்குள்ளேயே அந்த எண்ணிக்கை தாண்டப்பட்டுவிட்டது. அக்டோபரில் ரியல் மாட்ரிட்டிடம் 1-2, டிசம்பரில் அண்டை அணியான ஜிரோனாவிடம் 2-4, ஜனவரி 14 அன்று ரியாத்தில் நடந்த ஸ்பெயின் சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில் மீண்டும் ரியல் மாட்ரிட்டிடம் 1-4, பத்தே நாள்களில் அரசர் கோப்பைக் காலிறுதியில் பில்பாவோவிடம் கூடுதல் நேரத்தில் 2-4 என்று தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. முந்தைய பருவத்தில் எவராலும் எளிதில் ஊடுருவ முடியாதிருந்த தற்காப்பு அரண், அந்தப் பருவத்தில் பெரிய ஆட்டங்களில் எல்லாம் உடைந்தது.

இதே மாதங்களில் பார்சிலோனாவிலிருந்து இன்னொரு வகைச் செய்தியும் வந்துகொண்டே இருந்தது. லமின் யமால் என்ற சிறுவர் 2023 அக்டோபரில் கிரனாடா அணிக்கு எதிராகக் கோல் அடித்து, 16 வயது 87 நாள்களில், லா லிகா வரலாற்றின் மிக இளைய கோல் வீரரானார். அதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்பெயின் தேசிய அணிக்காக முதல் ஆட்டத்தில் களமிறங்கி அங்கும் கோல் அடித்திருந்தார். மார்க் கியூ என்ற 17 வயது முன்கள வீரர், பில்பாவோவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கிய சில விநாடிகளில் வெற்றி கோலை அடித்தார். முந்தைய பருவத்தில் மூன்றாம் நிலைத் தொடரில் லினாரெஸ் அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டிருந்த ஃபெர்மின் லோபெஸ், அந்தப் பருவத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் கோல் அடித்தார். ஜனவரி 18 அன்று அரசர் கோப்பையில் அறிமுகமான பாவ் குபார்சி, மூன்று நாள்கள் கழித்து பெட்டிஸ் அணிக்கு எதிரான லீக் ஆட்டத்தைத் தொடக்கம் முதலே ஆடினார். மறுநாள்தான் அவருக்கு 17 வயது நிறைந்தது. பிரேசிலிலிருந்து ஜனவரியில் வந்து சேர்ந்த 18 வயது விட்டோர் ரோக்கே, ஒசாசுனாவுக்கு எதிராக ஒரே கோலில் வெற்றியைத் தந்தார். அடுத்து அலாவெஸுக்கு எதிராகவும் கோல் அடித்துவிட்டு, அதே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் அட்டை பெற்று வெளியேறினார்.

இவ்விரு செய்திகளையும் தனித்தனியே படிப்பதும், பின்னதை முன்னதற்கு ஆறுதலாகக் கொள்வதும் விளையாட்டுப் பக்கங்களின் வழக்கமாகிவிட்டது. அணி தோற்றாலும் எதிர்காலம் ஒளிமயம் என்பதே அந்த ஆறுதலின் சாரம். ஆனால், இவை இரண்டும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள். கழகம் வீழ்ந்த பள்ளத்தை நிரப்புவதற்காகவே இச்சிறுவர்கள் அவ்வளவு விரைவில் களத்துக்கு வந்தார்கள். அப்படியானால், பெரியவர்களின் நிர்வாகப் பிழைக்கான விலையைச் செலுத்துவது யார் என்ற கேள்வி எழுகிறது.

நிதிநிலையிலிருந்து தொடங்கலாம். 2021 ஆகஸ்டில் லயோனல் மெஸ்ஸி கண்ணீருடன் வெளியேறிய சில நாள்களில், கழகத்தின் கடன் சுமார் 135 கோடி யூரோ என்று தலைவர் ஜோன் லபோர்ட்டா அறிவித்தார். லா லிகா நிர்வாகம், ஒவ்வொரு கழகமும் தன் வருவாய்க்கு ஏற்ப அணிக்காக எவ்வளவு செலவிடலாம் என்று உச்சவரம்பு விதிக்கிறது. அந்த வரம்புக்குள் நிற்பதற்காக 2022-இல் பார்சிலோனா தன் உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமை வருவாயில் 25 விழுக்காட்டை 25 ஆண்டுகளுக்கு விற்றது. எதிர்கால வருமானத்தை இன்றே செலவழிக்கும் அந்த ஏற்பாட்டின் பலனாக ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி உள்ளிட்டோர் வந்தனர், பட்டமும் வந்தது. ஆனால், விற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2022-23 பருவத்தில் 64.8 கோடி யூரோவாக இருந்த செலவு வரம்பு, 2023-24 பருவத் தொடக்கத்தில் 27 கோடியாகச் சுருங்கியது. கேம்ப் நூ மைதானம் சீரமைப்புக்காக மூடப்பட்டிருந்ததால், அந்தப் பருவத்தில் அணி மோன்ட்ஜுயிக் மலையிலுள்ள ஒலிம்பிக் மைதானத்தில் சிறிய கூட்டத்தின் முன் ஆடியது. நுழைவுச்சீட்டு வருவாயும் அதற்கேற்பக் குறைந்தது.

இந்த நெருக்கடியின் தடம் களத்திலும் தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் நடுக்களத்தின் அச்சாணியாக இருந்த செர்ஜியோ புஸ்கெட்ஸ் 2023 கோடையில் விடைபெற்றார். அவருடைய இடத்துக்கு ஜிரோனாவிலிருந்து ஓரியல் ரொமேயு மிகக் குறைந்த விலையில் வாங்கப்பட்டார். ஜாவோ கான்செலோவும் ஜாவோ ஃபெலிக்ஸும் இரவல் வீரர்களாக வந்தனர். பருவத்தின் நடுவில் கோல் கீப்பர் டெர் ஸ்டேகன் முதுகு அறுவைச் சிகிச்சைக்குச் சென்றார். இடதுபுறத் தற்காப்பு வீரர் அலெஹாந்த்ரோ பால்டே தொடைத்தசைக் காயத்தால் விலகினார். சந்தையில் மாற்று வாங்கப் பணமில்லாத ஒரு கழகத்துக்குக் கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் வீரர்கள் அதன் சொந்தப் பள்ளியில்தான் இருக்கிறார்கள். லா மாசியா என்னும் புகழ்பெற்ற அந்தப் பயிற்சிப் பள்ளியின் கதவு அகலத் திறந்ததற்கு நம்பிக்கை ஒரு காரணம் என்றால், வறுமை இன்னொரு காரணம்.

நெருக்கடியில் இளைஞருக்கு வாய்ப்பளிப்பது தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விளையாட்டில் பல பெரும் வாழ்க்கைகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. சாவியே அதற்குச் சான்று. 1998-99 பருவத்தின் நடுவில் பார்சிலோனா தடுமாறிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் லூயி வான் ஹாலின் பதவி ஊசலாடியது. அந்த டிசம்பரில் வலாடோலிட் அணிக்கு எதிராக 18 வயது சாவி அடித்த ஒற்றை கோல், வெற்றியைத் தந்து பயிற்றுநரையும் காப்பாற்றியது. பருவ இறுதியில் பட்டமும் பார்சிலோனாவுக்கே வந்தது. 2010-ஆம் ஆண்டுக்கான பாலோன் தோர் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி ஆகிய மூவருமே லா மாசியாவில் வளர்ந்தவர்கள். விளையும் பயிரை முளையிலேயே அடையாளம் காணும் கண் அந்தப் பள்ளிக்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால், அன்றைய சாவிக்கும் 2023-24 பருவத்தின் யமாலுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. அன்று பதினெட்டு வயது இளைஞரைச் சுற்றி ரிவால்டோ, ஃபிகோ, கார்டியோலா, லூயிஸ் என்ரிக்கே போன்றவர்கள் உச்சத் திறனுடன் இருந்தார்கள். அவர் ஒரு நாள் சோபிக்காவிட்டாலும் அணி தாங்கிக்கொண்டது. 2023-24 பருவத்தின் அணியிலும் லெவண்டோவ்ஸ்கி, குண்டோகன் போன்ற மூத்தவர்கள் இருந்தார்கள். இருந்தும் பில்பாவோவில் நடந்த காலிறுதியில் அணியை முன்னிலைக்குக் கொண்டுசென்றது 16 வயது யமாலின் கோல்தான். எதிரணியைத் தனியொருவராக ஊடுருவி வழி திறப்பது அவர் வேலை. எதிரணியின் முன்கள வீரரைக் கடைசி ஆளாக நின்று தடுப்பது குபார்சியின் வேலை. துணைப் பாத்திரங்களில் தொடங்க வேண்டியவர்கள் முதல் காட்சியிலேயே நாயகர்களாக்கப்பட்டார்கள்.

இதன் பின்விளைவை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. பார்சிலோனாவின் அண்மை வரலாறே போதும். அன்சு ஃபாட்டி 2019-இல் 16 வயதில் அறிமுகமானார். அவ்வாண்டு டிசம்பரில் சாம்பியன்ஸ் லீக்கின் மிக இளைய கோல் வீரரானார். 2020 நவம்பரில், 18 வயது நிறைந்த ஒரு வாரத்தில், முழங்கால் சவ்வு கிழிந்தது. அடுத்தடுத்த அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2021 செப்டம்பரில் திரும்பிய அவருக்கு மெஸ்ஸி விட்டுச்சென்ற 10-ஆம் எண் சீருடை அணிவிக்கப்பட்டது. காயத்திலிருந்து மீளும் ஓர் இளைஞர் மீது வைப்பதற்கு அதைவிடக் கனமான சுமை கழகத்திடம் இல்லை. 2023-24 பருவத்தில், 21 வயதில், அவர் இங்கிலாந்தின் பிரைட்டன் அணியில் இரவல் வீரராக இருந்தார்.

பெட்ரியின் கதை எண்களாலேயே சொல்லத்தக்கது. 2020-21 பருவத்தில் கழகம், தேசிய அணி, ஐரோப்பியக் கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக் என்று அனைத்தையும் சேர்த்து 18 வயதில் அவர் 73 ஆட்டங்கள் ஆடினார். ஒலிம்பிக் இறுதியாட்டம் ஆகஸ்ட் 7 அன்று முடிந்தது. ஒரு வாரத்தில் அடுத்த லீக் பருவம் தொடங்கிவிட்டது. அதன் பின்னர் தொடைத்தசைக் காயம் அவரைத் திரும்பத் திரும்ப வாட்டியது. 2023-24 பருவத்திலும் மாதக்கணக்கில் வெளியே இருந்தார். பாப்லோ காவி 17 வயதில் கழகத்துக்கும் ஸ்பெயினுக்கும் ஆடத் தொடங்கியவர். 2023 நவம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய அணி ஆட்டத்தில் அவரது முழங்கால் தசைநார் அறுந்தது. அப்போது ஸ்பெயின் ஐரோப்பியக் கோப்பைக்கு ஏற்கெனவே தகுதிபெற்றிருந்தது. 19 வயதில் அவரது பருவம் முடிந்துபோனது.

உடல் மட்டுமே உடைவதில்லை. 2007-இல் 17 வயதில் அறிமுகமாகி, அடுத்த மெஸ்ஸி என்று கொண்டாடப்பட்டவர் போயான் கிர்கிச். 2008 ஐரோப்பியக் கோப்பைக்கான ஸ்பெயின் அணியில் தாம் இடம்பெறாததற்கு மனப்பதற்றமே காரணம் என்று பத்தாண்டுகளுக்குப் பிறகு அவரே வெளிப்படையாகக் கூறினார். அந்தக் கோப்பையை ஸ்பெயின் வென்றது. போயானோ பல நாடுகளில் பல கழகங்கள் மாறி, 2023-இல் 32 வயதில் ஓய்வு பெற்றார்.

ஒவ்வொரு காயத்துக்கும் மிகையான ஆட்டமே காரணம் என்று கூறிவிட முடியாது. முழங்கால் தசைநார் நன்கு ஓய்வெடுத்த வீரருக்கும் அறுந்துபோகலாம். எனினும், ஒரே கழகத்தில் நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று தலைசிறந்த இளைஞர்கள் இப்படி வீழ்ந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. எலும்பும் தசையும் இன்னும் முழுமையாக முதிராத வயதில், மூன்று நாள்களுக்கு ஒரு போட்டி என்ற வேகம் உடலுக்கு உகந்ததன்று. பிஞ்சிலே பழுத்தவை நெடுநாள் நிற்பதில்லை என்று நம் முன்னோர் கண்டதை விளையாட்டு மருத்துவம் வேறு சொற்களில் சொல்கிறது.

மாற்று வழிகளை இதே லா லிகாவில் காணலாம். துருக்கியின் பெரும் நம்பிக்கையாகக் கருதப்படும் ஆர்தா குலெர் 2023 கோடையில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் முதன்முதலில் களமிறக்கப்பட்டது 2024 ஜனவரி 6 அன்று, அதுவும் கீழ்நிலை அணியான அரந்தினாவுக்கு எதிராக. 18 வயது இளைஞருக்காக ஆறு மாதம் காத்திருக்க மாட்ரிட்டால் முடிந்தது. அந்த இடத்தில் ஆட அதனிடம் வேறு வீரர்கள் இருந்தார்கள். வாங்கப் பணமும் இருந்தது. 2022-இல்தான் முதல் பிரிவுக்குத் திரும்பிய ஜிரோனா, பன்னாட்டுக் கழகக் குழுமம் ஒன்றின் ஆதரவுடன் மிச்செலின் பயிற்சியில் நிதானமாகக் கட்டமைக்கப்பட்டு 2023-24 பருவத்தில் பட்டத்துக்கே போட்டியிட்டது. அங்கே 19 வயது சாவியோ ஒளிர்ந்தார் என்றால், அவரைச் சுற்றி நிலையான ஓர் அணி இருந்தது. பொறுமை என்பது பண்பு மட்டுமன்று, வசதியும்கூட. அந்த வசதி இல்லாத கழகங்களிடம் பொறுமையை எதிர்பார்த்துப் பயனில்லை. விதி ஒன்றே அதைச் செய்ய முடியும்.

இங்கேதான் உலகக் கால்பந்தின் விசித்திரமான இடைவெளி தென்படுகிறது. பதினெட்டு வயது நிறையாதவரைச் சிறாராகவே ஃபிஃபாவின் விதிகள் கருதுகின்றன. அவர்களுடன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தம் செய்ய முடியாது. யமாலின் 2023-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2026-இல் முடிவதாக இருந்ததற்கு அந்த விதியே காரணம். சில விதிவிலக்குகள் தவிர, அவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றவும் முடியாது. ரியல் மாட்ரிட் 2022-லேயே வாங்கிவிட்ட பிரேசில் சிறுவர் எண்ட்ரிக், 18 வயது நிறையும் வரை தாய்நாட்டில் காத்திருந்தது இதனால்தான். சிறாரின் கையெழுத்தையும் இடமாற்றத்தையும் பாதுகாக்கும் இந்த விதிகள், அவர் உடலைப் பற்றி மௌனம் காக்கின்றன. 16 வயதுச் சிறுவர் ஒரு பருவத்தில் எத்தனை நிமிடங்கள் ஆடலாம், எத்தனை நாள்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கு உலகளாவிய வரம்பு ஏதும் இல்லை. யமாலின் ஒப்பந்த விடுவிப்புத் தொகை 100 கோடி யூரோ. அவ்வளவு மதிப்புமிக்க சொத்தைப் பேணும் விதி எழுதப்படவில்லை என்பது வணிக நோக்கிலும் வியப்பளிக்கிறது.

பிற விளையாட்டுகள் இதில் முன்சென்றுவிட்டன. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம், 19 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள் தொடர்ச்சியாகவும் ஒரு நாளிலும் எத்தனை ஓவர்கள் வீசலாம் என்பதை வயதுவாரியாக வரையறுத்திருக்கிறது. பன்னாட்டு கிரிக்கெட் ஆட 15 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று ஐசிசி 2020-இல் விதி வகுத்தது. அமெரிக்காவின் சிறார் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக், ஒரு சிறுவர் ஒரு நாளில் எத்தனை முறை பந்தை எறியலாம் என்பதை 2007 முதல் எண்ணிக் கட்டுப்படுத்துகிறது. இந்த வரம்புகளால் அவ்விளையாட்டுகள் மெருகு இழந்துவிடவில்லை.

திறமை இருப்பவரைத் தடுப்பது நியாயமா, ஆட வேண்டும் என்று துடிப்பவரை உட்கார வைப்பது கொடுமையல்லவா என்ற எதிர்வாதம் எழும். அதில் உண்மை உண்டு. கால்பந்து வாழ்க்கை குறுகியது. கிடைத்த வாய்ப்பு மீண்டும் வராமலும் போகலாம். ஆனால், இளங்கன்று பயமறியாது என்பதால்தான் கன்றுக்கு எப்போது நுகம் பூட்டுவது என்பதை வேறொருவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பயிற்றுநர் அழைக்கும்போது மறுக்கும் பதினாறு வயது வீரர் உலகில் இல்லை. அந்த முடிவைப் பயிற்றுநரிடம் விடுவதும் முறையாகாது. அடுத்த தோல்வியில் பதவி போகும் என்ற நிலையில் இருப்பவரிடம், ஐந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒருவரின் முழங்காலை எண்ணிப் பார்க்கச் சொல்வது இயல்புக்கு மாறானது. விடைபெறுவதாக அறிவித்துவிட்ட பயிற்றுநர் எவ்வளவு நல்லவராயினும் இது பொருந்தும். கழகத் தலைவருக்குத் தேர்தல், தேசியப் பயிற்றுநருக்குக் கோப்பை என ஒவ்வொருவரின் கடிகாரமும் வேறு. வீரரின் கடிகாரம் மட்டும் நீண்டது. அதைப் பார்ப்பவர் எவருமில்லை.

2024 கோடையில் இந்தக் கேள்வி கூர்மை பெற்றது. ஜெர்மனியில் ஜூன் 14 முதல் ஜூலை 14 வரை ஐரோப்பியக் கோப்பை. அது முடிந்த பத்து நாள்களில் பாரிஸ் ஒலிம்பிக் கால்பந்து. பெட்ரியை வாட்டிய அதே இரட்டைக் கோடை மீண்டும் வந்தது. 2024-25 பருவம் முதல் சாம்பியன்ஸ் லீக்கின் தொடக்கக் கட்டத்தில் ஆறு ஆட்டங்களுக்குப் பதில் எட்டு ஆட்டங்கள். 2025-இல் 32 அணிகள் பங்கேற்ற கழக உலகக் கோப்பை. ஆட்டங்களைக் கூட்டுவதற்கு அமைப்புகள் போட்டியிடுகின்றன. குறைப்பதற்கு எவரும் முன்வருவதில்லை. வீரர்கள் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ இந்த மிகைப்பளு குறித்துத் தொடர்ந்து எச்சரித்துவருகிறது. அதன் குரல் அட்டவணை வகுப்போரின் அறைக்குள் இன்னும் எட்டவில்லை.

செய்ய வேண்டியவை எளிமையானவை. 18 வயது நிறையாத வீரர்களுக்குக் கழகம், தேசிய அணி இரண்டையும் சேர்த்து ஒரு பருவத்துக்கான நிமிட வரம்பு வேண்டும். ஒரே கோடையில் இரு பெருந்தொடர்களில் எந்த இளம் வீரரும் ஆடக் கூடாது என்ற விதி வேண்டும். பருவங்களுக்கு இடையே கட்டாய ஓய்வு வேண்டும். இரு தரப்பு மருத்துவக் குழுக்களும் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இவற்றை ஒரு கழகம் தானாகச் செய்தால் போட்டியில் பின்தங்கும்; ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமும் அனைவருக்கும் பொதுவாக விதித்தால் எவருக்கும் இழப்பில்லை.

2023-24 பருவத்தின் பட்டத்தை யார் வென்றார் என்பது சில ஆண்டுகளில் மறந்துபோகும். மத்தாரோ நகரின் ரொக்கஃபோண்டா குடியிருப்பில் வளர்ந்து ஏழு வயதில் லா மாசியாவுக்கு வந்த யமாலும், ஜிரோனா அருகே எஸ்தான்யோல் கிராமத்திலிருந்து வந்த குபார்சியும், 25 வயதை எட்டும்போது வலியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்களா என்பதே பார்சிலோனாவின் இந்த நெருக்கடிக் காலத்தை மதிப்பிடும் அளவுகோலாக இருக்கும். கடனை அடைக்கக் கழகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. அதை இந்தச் சிறுவர்களின் கால்களைக் கொண்டு அடைக்க வேண்டியதில்லை.